தாய்லாந்தில் குடியேறி வீடு வாங்க நினைக்கிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஓய்வுக் காலத்தைத் தாய்லாந்தில் கழிக்கலாம் என்று யோசிக்கும் தமிழர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து பாங்காக் மூன்றரை மணி நேரப் பயணம்தான். வெயில், மழை, தென்னை, பலா எல்லாமே நமக்குப் பழகியவை. சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் நூறாண்டுக்கும் மேலாக நிற்கிறது. ஊர் இப்படிப் பழகியதாக இருப்பதால், சொத்துச் சட்டமும் நம் ஊரைப் போலத்தான் இருக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது கொஞ்சமும் அப்படி இல்லை.

நான் பார்த்தவரை, அங்கே ஏமாந்தவர்கள் பேராசைக்காரர்களோ விவரம் தெரியாதவர்களோ இல்லை. ஆசிரியர்கள், பொறியாளர்கள், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். எல்லோர் கதையிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: நில அலுவலகத்தின் கவுன்டருக்குப் போகும் முன்பே பெரும்பணம் கை மாறியிருந்தது. தாய்லாந்தில் உரிமை பிறப்பது அந்தக் கவுன்டரில்தான். தரகரின் ஏசி அறையிலும் விற்பனைக் கண்காட்சியிலும் நீங்கள் போடும் கையெழுத்தால் சொத்து உங்களுடையதாகாது. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் படி: வாடகைக்கு இருங்கள்

குறைந்தது ஒரு வருடம். புக்கெட்டிலும் கோ சாமுயிலும் மழைக்காலம் எப்படி இருக்கும், எந்தச் சாலையில் வெள்ளம் நிற்கும், பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதெல்லாம் சுற்றுலாக் காலத்தில் தெரியாது. சியாங் மாயில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை சூழ்ந்துகொள்ளும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை ஒருமுறை அனுபவித்துப் பார்க்காமல் அங்கே சொத்து வாங்கக் கூடாது.

வாடகையிலும் மோசடி உண்டு. இணையத்தில் அழகான படங்கள், சந்தையைவிடக் குறைந்த வாடகை, "இன்னொருவர் கேட்கிறார், இன்றே அட்வான்ஸ் அனுப்புங்கள்" என்ற அவசரம். வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு பாட் (தாய்லாந்து நாணயம்) கூட அனுப்பாதீர்கள். எதிரில் இருப்பவர் உண்மையான உரிமையாளர்தானா என்று சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டவர் தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு டிஎம்30 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். "டிஎம்30 பதிவு செய்து ரசீது தருவீர்களா?" என்று முதலிலேயே கேளுங்கள். மழுப்பினால் வேறு வீடு பாருங்கள். அந்த ரசீது இல்லாவிட்டால் பிறகு விசா நீட்டிப்பிலும் உங்களுக்குத்தான் சிக்கல்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீடு வாங்கினால் விசா கிடைக்கும் என்று சில தரகர்கள் சொல்வார்கள். சாதாரணமாக ஒரு அபார்ட்மென்ட் வாங்கியதற்காக யாரும் தங்கும் உரிமை தருவதில்லை. ஓய்வுக்கால விசாவுக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். அதோடு தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் இருப்போ மாதம் 65,000 பாட் வருமானமோ காட்ட வேண்டும். விசாவை முதலில் முடித்துவிட்டு வீட்டைப் பிறகு பாருங்கள்.

இரண்டாம் படி: எதை வாங்க முடியும், எதை முடியாது

1954-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி வெளிநாட்டவர் தாய்லாந்தில் நிலம் வாங்க முடியாது. 4 கோடி பாட் முதலீடு செய்து அமைச்சரின் அனுமதி பெற்றால் ஒரு ராய் வரை வாங்கலாம் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. அது நம்மைப் போன்றவர்களுக்கானது இல்லை. (ஒரு ராய் என்பது 1,600 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய முப்பத்தொன்பதரை சென்ட்.)

வெளிநாட்டவர் தன் பெயரில் முழு உரிமையோடு வாங்கக்கூடியது காண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடு. 1979-இன் காண்டோ சட்டப்படி ஒரு கட்டடத்தில் உள்ள வீடுகளின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். அந்த ஒதுக்கீடு ஏற்கெனவே தீர்ந்துபோன கட்டடத்தில் உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, "பதிவு நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். கட்டட நிர்வாகத்திடமிருந்து ஒதுக்கீடு மீதி இருக்கிறது என்ற கடிதம் வாங்காமல் முன்பணம் தராதீர்கள். இன்னொரு குழப்பமும் உண்டு: எல்லா அடுக்குமாடியும் சட்டப்படி காண்டோ ஆகிவிடாது. காண்டோவாகப் பதிவு செய்யாத கட்டடத்தில் உங்களுக்குக் கிடைப்பது குத்தகை மட்டுமே.

குத்தகையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். "90 வருடக் குத்தகை, சொந்தம் மாதிரிதான்" என்று வில்லாக்களை விற்கிறார்கள். தாய் உரிமையியல் சட்டம் ஒரு குத்தகைக்கு அனுமதிப்பது 30 வருடம். 30, அப்புறம் 30, அப்புறம் 30 என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் நில அலுவலகத்தில் பதிவாவது முதல் 30 மட்டும்தான். மீதி 60 வருடம் வெறும் வாக்குறுதி. நிலம் கை மாறிவிட்டால் புதிய உரிமையாளர் அதை மதிப்பார் என்று நம்பிப் பணம் போட முடியாது. அந்த முதல் குத்தகையும் மூன்று வருடத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் மூன்று வருடம் மட்டுமே செல்லும். வில்லாவுக்குக் கேட்கும் விலையை 30 ஆண்டால் வகுத்துப் பாருங்கள். அதற்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாம் படி: கம்பெனி, மனைவி, நண்பர் பெயரில் வாங்காதீர்கள்

அதிகம் பேர் விழுவது இந்தக் குழியில்தான். தரகர் சொல்வது இப்படி இருக்கும்: "உங்க பேர்ல நிலம் வாங்க முடியாது சார், ஆனா ஒரு தாய்லாந்து கம்பெனி ஆரம்பிச்சு அதன் பேர்ல வாங்கிடலாம். 51 சதவீதம் தாய்க்காரங்க பேர்ல இருக்கும், அவங்க பேருக்குத்தான். எல்லோரும் இப்படித்தான் செய்றாங்க."

நிறையப் பேர் செய்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது குற்றம். பணம் போடாமல் பெயரை மட்டும் கொடுக்கும் பங்குதாரரை வைப்பது 1999-இன் வெளிநாட்டவர் தொழில் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறைக்கும் 1 லட்சம் முதல் 10 லட்சம் பாட் வரை அபராதத்துக்கும் உரியது. நிலச் சட்டப்படி அந்த நிலத்தை விற்றுவிடச் சொல்லி உத்தரவு வரும். அதற்கு 180 நாளிலிருந்து ஒரு வருடம் வரை கெடு. 2024, 2025-இல் புக்கெட், கோ சாமுய் பக்கம் இப்படிப்பட்ட கம்பெனிகளை அதிகாரிகள் தேடித் தேடி விசாரித்தார்கள்.

சட்டத்தை விடுங்கள், மோசடி என்ற கோணத்தில் பாருங்கள். உங்களுக்கு முகம் தெரியாத ஆட்களிடம் 51 சதவீதம் பங்கு இருக்கிறது. அவர்களைக் கொண்டுவந்தது தரகரோ அவருடைய கணக்காளரோ. இயக்குநரை மாற்றும் ஒரு தாள் உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருக்கிறது. ஒருநாள் கம்பெனி வேறு கைக்குப் போயிருக்கும், நிலமும் அதோடு போயிருக்கும். போலீசுக்குப் போனால், முதலில் நீங்கள் செய்த குற்றத்தை நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ஏமாற்றுபவருக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் வேறு இல்லை.

தாய்லாந்துப் பெண்ணையோ ஆணையோ திருமணம் செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. துணைவர் பெயரில் நிலம் வாங்கும்போது, அந்தப் பணம் முழுக்க அவருடைய தனிச் சொத்து என்று நீங்கள் நில அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன்பின் அந்த நிலத்தில் உங்களுக்குப் பங்கு கிடையாது. குடும்பத்துக்காக அப்படிச் செய்வது உங்கள் விருப்பம். ஆனால் தெரிந்து செய்யுங்கள். உங்கள் வாழ்நாள் முழுக்க அந்த வீட்டில் இருக்கும் அனுபவ உரிமையை நில அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதைக் கேட்டு வாங்குவதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

நான்காம் படி: பத்திரத்தின் தலையில் இருக்கும் கருடனைப் பாருங்கள்

காண்டோ வாங்கினாலும், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தாலும் அடியில் இருக்கும் நிலத்தின் ஆவணம் என்ன என்று பார்த்தே ஆக வேண்டும். தாய் நில ஆவணங்களின் உச்சியில் கருடன் முத்திரை இருக்கும். அதன் நிறம் நிறையச் சொல்லும்.

சிவப்புக் கருடன் என்றால் சனோட். அளந்து எல்லைக்கல் நட்ட, முழு உரிமை ஆவணம் இது. 1901-இல் முதல் சனோட் வழங்கப்பட்ட காலத்திலிருந்து இதுதான் உச்சம். பச்சைக் கருடன் என்றால் நோர் சோர் 3 கோர். வான்வழிப் படத்தை வைத்து எல்லை குறித்தது. விற்கலாம், அடமானம் வைக்கலாம், ஆனால் எல்லையை மறுபடி அளந்து பார்ப்பது நல்லது. கறுப்புக் கருடன் நோர் சோர் 3. எல்லை துல்லியமாக இராது, கை மாற்றும் முன் 30 நாள் பொது அறிவிப்பு கொடுக்க வேண்டும்.

இதற்குக் கீழே இருப்பவை எதையும் தொடாதீர்கள். போர் போர் தோர் 5 என்பது வரி கட்டிய ரசீது மட்டுமே. சோர் போர் கோர் 4-01 என்பது ஏழை விவசாயிகள் பயிர் செய்ய அரசு கொடுத்த நிலம். வாரிசுக்குப் போகலாம், உங்களுக்கு விற்க முடியாது. கடல் தெரியும் மலைச்சரிவு, நம்ப முடியாத விலை என்றால் பெரும்பாலும் இந்த வகைத் தாளாகவோ காட்டு நிலமாகவோ இருக்கும். புக்கெட்டில் இந்த சோர் போர் கோர் தாள்கள் வசதியான குடும்பங்களுக்குப் போன விவகாரத்தில்தான் 1995-இல் பிரதமர் சுவான் லீக்பாயின் அரசு கவிழ்ந்தது. ஒரு அரசையே கவிழ்த்த தாளை ஒரு தரகர் உங்களுக்குச் சரிசெய்து தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

சனோட்டைப் போலியாக அச்சிடுபவர்களும் இருக்கிறார்கள். அதனால் காட்டிய தாளின் அழகை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு சனோட்டுக்கும் இரண்டு பிரதிகள்: ஒன்று உரிமையாளரிடம், இன்னொன்று நில அலுவலகத்தில். உங்கள் வழக்கறிஞர் அந்த அலுவலகத்துக்கே போய், அங்கிருக்கும் பிரதியோடு ஒப்பிட வேண்டும். நம் ஊரில் தனியாக வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம். அங்கே பத்திரத்தின் பின்பக்கத்திலேயே விற்பனை, அடமானம், குத்தகை எல்லாம் தேதிவாரியாகப் பதிவாகியிருக்கும். பின்பக்கத்தை முழுக்க மொழிபெயர்த்துத் தரச் சொல்லுங்கள். அதில் 'காய் ஃபாக்' என்ற சொல் இருந்தால் நின்றுவிடுங்கள். மீட்டுக்கொள்ளும் நிபந்தனையோடு அந்தச் சொத்து ஏற்கெனவே வேறொருவருக்கு விற்கப்பட்டிருக்கிறது.

நிலத் துறை நடத்தும் லேண்ட்ஸ்மேப்ஸ் என்ற இணைய வரைபடம் இலவசம். சனோட் எண்ணைப் போட்டால் அந்த மனை எங்கே இருக்கிறது என்று காட்டும். உங்களை அழைத்துப் போய்க் காட்டிய இடமும் வரைபடத்தில் வரும் இடமும் ஒன்றுதானா, பொதுச் சாலையிலிருந்து வழி இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

ஐந்தாம் படி: யாரை நம்புவது

தாய்லாந்தில் தரகர் தொழிலுக்கு உரிமம் கட்டாயம் இல்லை. யாரும் அட்டை அச்சடித்துக்கொள்ளலாம். அதே சமயம், தரகு வேலை வெளிநாட்டவருக்குத் தடை செய்யப்பட்ட தொழில்களின் பட்டியலில் இருக்கிறது. நம்மவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஏனென்றால் நம்மை அணுகுபவர் பெரும்பாலும் தமிழோ இந்தியோ பேசும் ஒருவர். "நானும் மதுரைப் பக்கம்தான்ணே" என்று பேச்சைத் தொடங்குவார், வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவார். அவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் செய்யும் தரகே சட்டப்படி செல்லாதது என்றால், பிரச்சினை வரும்போது உங்களுக்காக எந்த அலுவலகத்திலும் வந்து நிற்க மாட்டார்.

வழக்கறிஞரை நீங்களே தேடிப் பிடியுங்கள். விற்பவரோ தரகரோ பரிந்துரைத்தவர் வேண்டாம். "ஒரே வழக்கறிஞர் போதும், செலவு மிச்சம்" என்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். தாய்லாந்தில் வழக்கறிஞராகத் தாய்க் குடிமக்கள் மட்டுமே இருக்க முடியும், அவர்களுக்கு வழக்கறிஞர் கழகத்தின் உரிம எண் உண்டு. அந்த எண்ணைக் கேளுங்கள். வெளிநாட்டவர் ஒருவர் 'சட்ட ஆலோசகர்' என்று உட்கார்ந்திருந்தால், கையெழுத்திடும் தாய் வழக்கறிஞர் யார் என்று கேட்டு அவரிடம் நேராகப் பேசுங்கள்.

பவர் பத்திரம் பற்றி: நில அலுவலகத்துக்கென்று தனிப் படிவங்கள் இருக்கின்றன. வெற்றிடங்களோடு அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். "மீதியை நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம்" என்று சொன்னது நம் ஊரில் எத்தனை குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தியது என்று உங்களுக்கே தெரியும்.

ஆறாம் படி: இன்னும் கட்டாத கட்டடம்

முடிந்தால் கட்டி முடித்த வீட்டையே வாங்குங்கள். கட்டாத வீட்டைத்தான் வாங்குவேன் என்றால் இவற்றையாவது பாருங்கள். நிலம் கட்டுநர் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிறதா? கட்டட அனுமதி வந்துவிட்டதா? 80 அறையோ 4,000 சதுர மீட்டரோ எட்டும் குடியிருப்புக் கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் ஒப்புதல் வேண்டும், அது கிடைத்துவிட்டதா? 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்ற பதில் 'இல்லை' என்பதற்குச் சமம். ஒப்பந்தம் அரசு வகுத்த ஓர் சோர் 22 என்ற மாதிரிப் படிவத்தில் இருக்க வேண்டும். பட்டாயாவின் பாலி ஹாய் துறைக்குப் பக்கத்தில் ஐம்பது மாடிக்கு மேல் எழும்பிய ஒரு கட்டடம் 2014-இல் நிறுத்தப்பட்டுப் பல வருடம் எலும்புக்கூடாக நின்றது. வளைகுடாவைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் அது பட்டது.

'வருடம் 8 சதவீதம் வாடகை உத்தரவாதம்' என்ற விளம்பரத்துக்கும் ஒரு பதில். 2004-இன் ஹோட்டல் சட்டப்படி உரிமம் இல்லாமல் நாள் கணக்கில் வாடகைக்கு விட முடியாது. பெரும்பாலான காண்டோக்களுக்கு அந்த உரிமம் இல்லை. அப்படியென்றால் அந்த 8 சதவீதம் பல சமயம் நீங்கள் கூடுதலாகக் கொடுத்த விலையிலிருந்தே திரும்பி வருகிறது.

ஏழாம் படி: பணம் போகும் வழி

காண்டோவை உங்கள் பெயரில் பதிவு செய்ய, விலைக்கான பணம் வெளிநாட்டு நாணயமாகத் தாய்லாந்துக்குள் வந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். 50,000 டாலரோ அதற்கு மேலோ என்றால் தாய் வங்கி அந்நியச் செலாவணிப் படிவம் தரும். குறைவு என்றால் வங்கிக் கடிதம் தரும். டாலராக அனுப்பி, தாய்லாந்தில் பாட்டாக மாற்றுங்கள். இந்தியாவிலேயே பாட்டாக மாற்றி அனுப்பினால் இந்தச் சான்று கிடைக்காது. அனுப்பும் காரணத்தில் காண்டோ வாங்க என்று இருக்கட்டும், பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

இதை வைத்தே மோசடிக்காரரை அடையாளம் காணலாம். "சென்னையில் எங்கள் ஆளிடம் ரூபாயாகக் கொடுத்துவிடுங்கள்" என்றோ கிரிப்டோவில் அனுப்பச் சொல்லியோ கேட்டால், அவருக்கு உங்கள் பெயரில் பதிவு செய்யும் எண்ணமே இல்லை. அந்த வழியில் போன பணத்துக்குச் சான்று வராது, சான்று இல்லாமல் பதிவு நடக்காது. இந்தியாவிலும் அது ஹவாலா குற்றம்.

இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வங்கி மூலம் அனுப்பலாம், வெளிநாட்டில் வீடு வாங்கவும் அது பொருந்தும். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் முன்வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வாங்கியபின் ஆண்டுதோறும் வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும். மறைத்தால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம்.

எட்டாம் படி: பதிவு நாள்

நேரில் போங்கள். விற்பவர் கட்டட நிர்வாகத்திடமிருந்து பராமரிப்புப் பாக்கி இல்லை என்ற கடிதம் கொண்டுவர வேண்டும்; அது இல்லாமல் பதிவு நடக்காது. மீதித் தொகையை வங்கியின் கேஷியர் செக்காக வைத்திருங்கள். அதிகாரி பத்திரத்தின் பின்பக்கத்தில் உங்கள் பெயரை ஏற்றுவார். எழுத்து சரியா, வீட்டு எண் சரியா என்று உங்கள் மொழிபெயர்ப்பாளர் படித்துச் சொன்னபின் செக்கைக் கொடுங்கள். பதிவுக் கட்டணம் அரசு மதிப்பில் 2 சதவீதம். முத்திரைத் தீர்வை, வணிக வரி போன்றவற்றை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், கவுன்டரில் சண்டை வராது.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டிருந்தால்

வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். நாள்கள் முக்கியம். தாய் தண்டனைச் சட்டப்படி தனிநபரை ஏமாற்றிய குற்றத்துக்கு, குற்றமும் செய்தவரும் தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கிரிமினல் வழக்குக்கு வழி அடைபட்டுவிடும். "அடுத்த மாதம் தந்துவிடுகிறேன்" என்று ஏமாற்றியவர் இழுத்தடிப்பது பல சமயம் இந்த மூன்று மாதத்தைக் கடத்தத்தான். பலரை ஒரே விளம்பரத்தால் ஏமாற்றியிருந்தால் அது பொதுமக்களை ஏமாற்றிய குற்றம், அதற்கு இந்தக் கெடு இல்லை. அதனால் உங்களைப் போலவே ஏமாந்த மற்றவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

புகாரை உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுங்கள். மொழி தடையாக இருந்தால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155. இணையம் வழியாகப் பணம் போயிருந்தால் உடனே 1441-ஐ அழையுங்கள், வங்கிக் கணக்கை முடக்க அது உதவும். கட்டுநர் நிறுவனம் ஏமாற்றியிருந்தால் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம், 1166.

சொத்து இன்னொருவர் கைக்குப் போய்விடும் என்ற பயம் இருந்தால், அதில் சட்டப்படி உரிமை கோர இடம் உள்ளவர் நில அலுவலகத்தில் 'ஆயாத்' என்ற தடைக்கு விண்ணப்பிக்கலாம். அதிகாரி ஏற்றால் 30 நாள் வரை பதிவு நிற்கும், அதற்குள் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது ஒப்பந்தம், பணம் அனுப்பிய ரசீதுகள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் தேதிவாரியாக அச்சிட்டு இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். இந்தியத் தூதரகம் உங்களுக்காக வழக்கு நடத்தாது. ஆனாலும் புகாரின் நகலை அங்கேயும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.